ஈரச் செங்கல் தீர்ப்பும் அதன் திருத்தமும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதம் என் வழக்கத்தைவிட நீளமானது, உட்கார்ந்து படியுங்கள். படிக்கும்போது என் தங்கை பக்கத்தில் இருப்பது நல்லது. அவளுக்குச் சேர வேண்டிய விஷயமும் இதில் இருக்கிறது. முதலில், பேசுபவன் யார் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

1. இதை எழுதுபவன் உங்கள் மனைவியின் மூத்த சகோதரன், வயது அறுபத்தொன்று, முப்பத்தைந்து ஆண்டுகளாக வழக்கறிஞன், இருபத்தொன்பது ஆண்டுகளாக, சரியாகச் சொன்னால் நேற்றுப் பகல் ஒன்றே கால் மணி வரை, உங்கள் இசைக்குழுவின் ரசிகர் சங்கச் செயலாளர்.

2. இவற்றுக்கெல்லாம் முன்பு, பதினாறு மாதங்கள், அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். இத்தகவல் உங்கள் பதினான்கு ஆல்பங்களில் எதன் உறையிலும் அச்சாகவில்லை. ஆகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

3. கீழே கூறுபவை யாவும் நான் நேரில் கண்டவை, கேட்டவை, செய்தவை. செய்யத் தவறியவையும் உண்டு.

எண்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மீதியை எண்ணிட்டு எழுதினால் நான் யாரோ ஒருவருக்காக வாதாடுவதைப் போல ஆகிவிடும்.

உங்கள் கடிதம் பதினான்காம் தேதி கிடைத்தது. அதில், சங்கத் தீர்ப்பின் நான்காம் பத்தியை மேற்கோள் காட்டி, நாம் ‘கடிகாரம்’ என்று அழைக்கும் உங்கள் டிரம்மரைக் குழுவிலிருந்து விடுவிக்கும் கடிதம் ஒன்றை, அவர் மனம் நோகாமலும் பின்னால் வழக்கு வராமலும் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இருபத்தாறு வயதில் புதிய டிரம்மர் ஒருவர் முதல் தேதி கச்சேரிப் பயணத்துக்கான ஒத்திகைக்கு வருகிறார் என்றும், அதற்குள் இது முடிய வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள்.

அக்கடிதத்தை நான் எழுதித் தரப்போவதில்லை. காரணம் சொல்லும் கடமை எனக்குண்டு. நான்காம் பத்தி பொய். அது பொய் என்று தெரிந்தே எழுதியவன் நான்.

சங்கத்தின் வழக்கங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. ஆயினும் நடந்த தவறு அவற்றுக்குள்ளிருந்துதான் பிறந்தது என்பதால் சொல்லியாக வேண்டும். உங்கள் புதிய ஆல்பத்தின் முதல் பிரதியை நீங்கள் எங்களுக்கு இசைத்தட்டாக அனுப்புவீர்கள். இருபத்து மூன்று உறுப்பினர்களும் ரேடியோக் கடை மாடியில் கூடி, ஒரே அமர்வில், பேசாமல் கேட்போம். விதி ஏழின்படி அதற்கு முன் எவரும் கைப்பேசியிலோ வேறு வழியிலோ ஒரு வரிகூடக் கேட்கக் கூடாது. விதி ஒன்பதின்படி, தட்டோடு வரும் எந்தக் குறிப்பையும் தீர்ப்பு தபாலில் சேரும் வரை பிரிக்கக் கூடாது. கலைஞர் சொல்லும் சமாதானம் கேட்பவர் காதைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். கேட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் கருத்து எழுதுவார்கள். செயலாளர் அவற்றைத் தொகுத்துத் தீர்ப்பாக உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவார். ஏழு, ஒன்பது ஆகிய இரு விதிகளையும் வரைந்தவன் நானே. நன்றாக வரைந்திருக்கிறேன் என்று இருபத்தொன்பது ஆண்டுகளாக நம்பிவந்தேன்.

மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கூடினோம். மின்விசிறியை நிறுத்தினோம். உங்கள் ‘ஈரச் செங்கல்’ இரண்டு பெரிய தட்டுகளாக வந்திருந்தது. பத்துப் பாட்டுக்கு எதற்கு இரண்டு தட்டு என்று ஒரு கணம் தோன்றியது. வயதான காலத்து ஆடம்பரம் என்று விட்டுவிட்டேன். எங்கள் இயந்திரத்தில் சுழலும் வேகத்தை மாற்றும் லீவர் ஒன்று உண்டு. பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று. சிறிய தட்டு என்றால் நாற்பத்தைந்து. சிறிய தட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒருமுறை யாரோ ஒருவர் முழங்கை பட்டு லீவர் நகர்ந்துவிட்டது. இனி அப்படி நேரக் கூடாது என்று அதன்மேல் செல்லோடேப் ஒட்டச் சொன்னவனும் நானே.

நீங்கள் நாற்பத்தைந்தில் அழுத்திய தட்டை நாங்கள் முப்பத்து மூன்றில் கேட்டோம்.

ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்குமே என்று உங்களுக்குத் தோன்றும். தெரியவில்லை. உங்கள் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த செய்தியை எல்லோரும் படித்திருந்தார்கள். குரல் கனத்திருக்கும் என்று எதிர்பார்த்தே வந்தார்கள். கனத்த குரல் வந்தது. குழுவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து வந்தார்கள், தாளம் தள்ளாடியது. வரும் வழியிலேயே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டவர்களுக்கு ஆதாரம் ஒத்துப்போகையில் எவரும் இயந்திரத்தைச் சந்தேகிப்பதில்லை. இதை நான் நீதிமன்றத்திலும் பார்த்திருக்கிறேன்.

சீட்டுகளில் எழுதியிருந்ததை நான் உங்களுக்கு வெகுவாகப் பதப்படுத்தியே அனுப்பினேன். மூலத்தை இப்போது தருகிறேன். நம் கண்டக்டரை உங்களுக்கு நினைவிருக்கும். பேருந்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் விசில் ஊதுவதைப் போலத்தான் பேசுகிறார். அவர் எழுதியது: “ஈரச் செங்கல்னு பொருத்தமாத்தான் பேரு வெச்சிருக்காங்க. தூக்கவும் முடியல, கீழ வைக்கவும் எடமில்ல.” மருந்துக் கடைக்காரர்: “ஆபரேஷன் ஆன தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கச் சொல்லுங்க. நிரந்தரமா.” இன்னொருவர், “லோடு லாரி மேட்டுல ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்குது,” என்று மட்டும் எழுதிவிட்டு, கீழே ஒரு லாரியும் வரைந்திருந்தார். எதிர்த்தவர்கள் பதினெட்டு பேர். ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார்.

ஆதரித்தவர்கள் நால்வர். அவர்களில் நர்ஸம்மா அழுதார். முப்பது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் அழுது நான் பார்த்ததில்லை. “வயசை ஒளிக்காம ஒரு மனுஷன் பாடுறாரு. பொதைக்கிற எடத்துல நிக்கிற மாதிரி ஒரு அமைதி,” என்றார். கண்டக்டர் விடவில்லை. “பொதைக்கிற எடம்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?” என்றார். “டிக்கெட்டக் கிழிச்ச கை, ஓய்வு குடுத்தும் சும்மா இருக்க மாட்டேங்குது. எதக் குடுத்தாலும் கிழிக்கிறீரு,” என்றார் நர்ஸம்மா. தேநீர் ஆறிப்போகும் வரை சண்டை ஓய்வதாக இல்லை.

இதுவரை கூறியது தவறு. இனிக் கூறுவது குற்றம்.

இரண்டாவது பாட்டு, டிரம்ஸின் வெண்கலச் சிம்பல் மீது ஓர் ஓங்கிய அடியோடு தொடங்குகிறது. அடித்த ஓசை எழுந்து, பரந்து, அடங்க எவ்வளவு நேரமாகும் என்பது முன்பு அதை அடித்தவன் தோள்பட்டைக்குத் தெரியும். அன்று அது அடங்கவில்லை. நீண்டுகொண்டே போயிற்று. மனிதர் குரலுக்கு வயதாகலாம், வெண்கலத்துக்கு ஆகாது. நான் எழுந்து மேசைப் பக்கம் போனேன். ஜன்னலைச் சாத்தப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். குனிந்து சுழலும் தட்டைப் பார்த்தேன். மெதுவாகச் சுற்றியதால் படிக்கச் சிரமமே இல்லை. நடுவில், சிறிய எழுத்தில், நாற்பத்தைந்து என்று இருந்தது.

அந்த நொடியில் என் பின்னால் கண்டக்டர், பேசக் கூடாது என்ற விதியையும் மீறி, முணுமுணுத்தார்: “கடிகாரத்துக்குச் சாவி தீந்துபோச்சு போல.” நாலைந்து பேர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

மாப்பிள்ளை, அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. முப்பத்தைந்து வருடங்களாக அந்த மனிதருடைய வாசிப்பில் ஒரு குறையாவது கிடைக்குமா என்று ஒவ்வொரு ஆல்பத்திலும் தேடியிருக்கிறேன். கிடைத்ததே இல்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலிருந்து நீங்கள் அவசரத்துக்குப் பிடித்து வந்த ஆள், என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒருநாளும் நேரம் தவறவில்லை. அன்றுதான் முதன்முறையாக ஓர் அறை நிறைய மனிதர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். மீதி எட்டுப் பாட்டுகளையும் கைகட்டிக் கேட்டேன்.

அன்று மாலை தீர்ப்பை எழுதினேன். ‘தாளம் தொடர்ந்து பிந்துகிறது; முப்பத்தைந்து ஆண்டுகளில் முதன்முறையாகக் கடிகாரம் நேரம் தவறுகிறார் என்பது அவையின் பரவலான கருத்து’ என்ற நான்காம் பத்தி அப்படித்தான் உருவானது. அது அவையின் கருத்துதான். அந்த மட்டில் வாக்கியத்தில் பிழை கிடையாது. பிழையில்லாத வாக்கியத்தில் பொய் சொல்லத்தான் எனக்குப் பயிற்சி இருக்கிறதே.

மூன்று சீட்டுகளின் பின்புறத்தில் இருந்ததைத் தொகுப்பில் சேர்க்காமல் ஒதுக்கினேன். மூன்றும் ஆறாவது பாட்டைப் பற்றியவை. அந்தப் பாட்டில் உங்களுக்குப் பின்னால் ஒரு குரல் வருகிறதல்லவா? “பின்னாடி ஒருத்தன் முனகுறானே, அவனை அடுத்த ஸ்டாப்புல எறக்கி விடுங்க,” என்று கண்டக்டரும், “அந்த ஆம்பளக் குரல் எதுக்கு?” என்று வேறு இருவரும் எழுதியிருந்தார்கள். அது ஆணின் குரலாக இருக்க முடியாது என்று நான் ஊகித்திருந்தேன். அந்த ஒரு வரி உங்கள் கைக்கு வந்திருந்தால் தட்டு எந்த வேகத்தில் ஓடியது என்பது உங்களுக்குப் புரிந்துபோயிருக்கும். ‘சுருக்கம் கருதி’ விட்டுவிட்டேன். எதிர்க்கட்சி வக்கீல் இப்படிச் செய்திருந்தால் நான் மேசையைத் தட்டியிருப்பேன்.

நான்காம் தேதி தபாலில் சேர்த்துவிட்டு, விதி ஒன்பதின்படி, நீங்கள் வைத்திருந்த உறையைப் பிரித்தேன். உங்கள் கையெழுத்து: “மச்சான், இந்தத் தடவை பெரிய தட்டுலயே நாப்பத்தஞ்சுல போட்டிருக்கோம், சத்தம் தெளிவா இருக்கும்னு. லீவரை மாத்த மறந்துடாதீங்க. ஆறாவது பாட்டுல ஒரு புதுக் குரல் இருக்கு. யாருன்னு கண்டுபுடிச்சா உங்க காதுக்குக் கும்பிடு போடுறேன்.”

எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை. அவள் பாட ஆசைப்பட்டதும், ஆசைப்பட்டதைச் சொல்லாமல் இருந்ததும் எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் நாலு வரி பாடியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு ஓர் அறையே அவளை வண்டியிலிருந்து இறக்கிவிடச் சொல்லியிருக்கிறது. அண்ணன் அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறான்.

அப்போதாவது நான் உங்களுக்குத் தந்தி போல நான்கு சொல் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. திருத்தினால், எப்போது தெரிந்தது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் சிக்கல்.

பன்னிரண்டாம் தேதி அவள் தொலைபேசியில் பேசினாள். “அண்ணா, நீ அப்படி என்னதான் எழுதி அனுப்பிச்ச? மூணு நாளா மனுஷன் வாயத் தொறக்கல. பழைய தீர்ப்பையெல்லாம் டப்பாவுலேர்ந்து எடுத்து வரிசையா வெச்சுப் படிச்சிட்டிருக்காரு. ஊரு உலகம் திட்டினா சிரிப்பாரு, சங்கம் ஒரு வார்த்தை சொன்னா அவருக்குத் தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவளைப் போல, “ஆமா, ஆறாவது பாட்டப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதலையா?” என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். “சரி, விடு. அது சின்னப் பாட்டுதானே,” என்றாள்.

இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன்: நீங்கள் கேட்டதை நான் எழுதிவிட்டேன். பதினாறாம் தேதி, அலுவலகத்தில், இருபது நிமிடத்தில். என் தொழிலில் நான் எழுதிய மிகச் சிறந்த விலக்கல் கடிதம் அது. வாங்கிப் படிப்பவருக்கு நன்றி சொல்லத் தோன்றும். திங்கட்கிழமை அதைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். கடைசி வரியில், ‘தங்கள் இனிவரும் நாட்கள் சிறப்பாக அமைய வாழ்த்துகிறோம்’ என்று போட்டிருந்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் உங்களிடமிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. “ஸ்டுடியோ வியாழக்கிழமைதான் கிடைச்சிருக்கு. ஒரு ஆளைப் புடிச்சிட்டோம். நீ கவலப்படாம பரீட்சையை நல்லா எழுது.” எனக்குப் பரீட்சை வியாழனும் வெள்ளியும். சனிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருந்தேன். அந்த அட்டையில் இருந்த அன்பும் என் வரைவில் இருந்த வாழ்த்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அன்று உங்களுக்கு வயது இருபத்தைந்து; அவசரம். இன்று எனக்கு அறுபத்தொன்று. எனக்கு என்ன சாக்கு?

பத்தொன்பதாம் தேதி கீழ்க்கடை ரேடியோக்காரரிடம் போனேன். அவர் உறுப்பினர் அல்ல, மாடியையும் இயந்திரத்தையும் தருபவர். முதல் அமர்வன்று அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் முதல் பாட்டிலேயே கத்தியிருப்பார். உங்கள் குறிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், டேப்பு நீங்கதானே ஒட்டச் சொன்னீங்க?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லா ஒட்டியிருந்தேனா?” என்றார். மிக நன்றாக என்றேன்.

ஐந்து நாள் அறிவிப்பு கொடுத்து, நேற்று, இருபத்துநான்காம் தேதி, சிறப்புக் கூட்டம் கூட்டினேன். ஜன்னலைச் சாத்தியது உட்பட எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னேன். அதன்பின் கேட்டவற்றில் எழுதத் தக்கவற்றை மட்டும் எழுதுகிறேன். கண்டக்டர்: “இருபத்தொம்போது வருஷமா ரூல் ரூல்னு எங்க உயிர எடுத்துட்டு, எங்களையே உக்கார வெச்சு ஸ்லோ மோஷன்ல ஏமாத்தியிருக்கீங்களே சார்! நான் சொன்ன ஜோக்குக்கா ஒரு மனுஷன் வேலை போகணும்?” மருந்துக் கடைக்காரர் என்னோடு பேச மறுத்து, சுவரோடு பேசினார். எல்லோரையும்விடக் கோபப்பட்டவர் நர்ஸம்மா. பதினெட்டு பேர் திட்டியது தப்பான தட்டை என்றால் அவர்களுக்கு அது லாபம்தான். அவர் நேசித்ததல்லவா தப்பான தட்டு? “அப்போ நான் அழுதது எதுக்கு? அத யாரு எனக்குத் திருப்பிக் குடுப்பா?” என்று கேட்டார்.

பிறகு ரேடியோக்காரர் செல்லோடேப்பை உரித்தார். நாற்பத்தைந்தில் கேட்டோம்.

தவறு நீங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எதிர்ப்பு பதினொன்று, ஆதரவு ஒன்பது, வெற்றுச் சீட்டு மூன்று. “இப்போ என்னன்னா, வயசானவரு ஓடி வந்து பஸ் புடிக்கிற மாதிரி இருக்கு. ஓடுறாரு, அது வரைக்கும் சரி. பஸ் எங்க?” என்பது கண்டக்டரின் புதிய கருத்து. மூன்றாவது, எட்டாவது பாட்டுகளைத் தவிர்த்திருக்கலாம் என்பது பெரும்பான்மை. வரிகள் பழைய பெட்டியிலிருந்து எடுத்தவை என்று நான்கு பேர். என் சொந்தக் கருத்தையும் கேளுங்கள்: பத்தில் நான்கு பாட்டு சோம்பல்; இரண்டு நடுத்தரம்; மீதி நான்குக்காக நான் இன்னொரு இருபத்தொன்பது வருடம் செயலாளராக இருந்திருப்பேன். நர்ஸம்மா வெற்றுச் சீட்டின் பின்புறம், “நான் மொதல்ல கேட்டதுதான் சரியான வேகம். அவங்கதான் தப்பா அழுத்திட்டாங்க,” என்று எழுதியிருக்கிறார்.

ஆறாவது பாட்டு வந்தபோது இருமல்கூட இல்லை. நாலு வரிதான். முடிந்ததும் கண்டக்டர், விதியைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நானும் இல்லாததால், சத்தமாகவே கேட்டார்: “யாருய்யா அந்தப் பொண்ணு?” எனக்குத் தெரியும்; குனிந்து குறிப்பேட்டில் பாட்டின் எண்ணை எழுதினேன். கூட்டம் முடிந்த பிறகு அவர் தம் பழைய சீட்டைத் திருப்பிக் கேட்டார். ஆதாரம், தர முடியாது என்றேன். பேனாவை வாங்கி அதன் கீழேயே, “எறக்கி விட வேணாம். சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அது என் தங்கைக்கு.

நான்காம் பத்தியைத் தனி வாக்குக்கு விட்டேன். தாளம் பிந்துகிறது என்று சொல்ல இருபத்து மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. “ஆல்பத்தத் திட்டுங்க, எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. கடிகாரத்த ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னிக்கு ஸ்டுடியோவுக்கு ஒழுங்கா வேலைக்கு வந்தது அவரு ஒருத்தர்தான்,” என்று கண்டக்டர் சொல்ல, அதுவே தீர்மானத்தின் வாசகமாயிற்று.

அடுத்த தீர்மானம் என்னைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்குவது. ஏகமனதாக நிறைவேறியது. அதைச் சட்டப்படி எழுதத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லாததால் நானே எழுதிக் கொடுத்தேன். நர்ஸம்மா புதிய செயலாளர். முதல் வேலையாக ஒன்பதாம் விதியை நீக்கிவிட்டார்.

இனி, சங்கம் சொல்லாததும், டிரம்ஸ் வாசித்த ஒருவனே சொல்லக்கூடியதும் ஒன்று உண்டு.

ஐந்தாவது, ஏழாவது, பத்தாவது பாட்டுகளை, தட்டை அல்ல, உங்களை நினைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்கள் வரியைத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தின் இடது கை ஓர் அடியைக் கூடுதலாக வைக்கிறது. எழுதி வைத்த தாளத்தில் அந்த அடி இல்லை. கேட்பவருக்கு அலங்காரம் போலத் தோன்றும். அந்த அடிக்குள் நீங்கள் மூச்சு எடுக்கிறீர்கள். எடுத்து முடித்த பிறகே அவருடைய வலது கை இறங்குகிறது. மூன்று பாட்டிலும் சேர்த்துப் பதினான்கு இடங்கள் எண்ணினேன். பதினான்கிலும் ஒரே அளவு அல்ல; உங்களுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. அறுவை சிகிச்சைக்கு முந்திய ஆல்பங்களில் ஓர் இடத்தில்கூட அவர் இப்படி வாசித்ததில்லை. எனக்குத் தெரியும், குறை தேடிக் கேட்டவன் நான்.

இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்; கவனிக்க முடியாதபடி செய்வதே அவர் செய்த வேலை. முதல் தேதி வருகிற இருபத்தாறு வயதுக்காரர் சரியான நேரத்துக்கு வலது கையை இறக்குவார். நீங்கள் மூச்சு எடுத்து முடித்து அங்கே வந்திருக்க மாட்டீர்கள். காத்திருக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். அந்தக் காரணத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும், ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வோர் இரண்டாம் பாட்டுக்குப் பிறகும்.

தொலைபேசியில் இதைச் சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் என் தங்கையிடம் பொய் சொன்னேன். எழுத்திலும் உங்களிடம் பொய் சொன்னேன். அதனால்தான் சாட்சிகளோடு எழுதுகிறேன்.

இந்த ஒரு பத்தியை மட்டும், உனக்குக் கல்யாணம் ஆகி நான் ‘நீங்கள்’ போடத் தொடங்குவதற்கு முந்திய காலத்தில் பேசுவதைப் போல எழுத அனுமதி கொடு. டேய் மாப்ளே, அன்னிக்கு நீ ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கல. பொறுத்திருந்தா உன் பின்னாடி முப்பத்தஞ்சு வருஷமும் நான்தான் உக்காந்திருப்பேன்; உனக்கு மூச்சு வாங்குறப்ப நான் காத்திருப்பேனான்னு எனக்கே சந்தேகம். இந்த இருபத்தோரு நாள் நான் வாய மூடிட்டு இருந்ததப் பாத்தா உனக்கும் சந்தேகம் வரும். உனக்குக் கிடைச்ச ஆள் என்னைவிட நல்ல ஆள். போகச் சொல்லாத.

மீண்டும் முறைப்படி. முதல் தேதி காலை ஒத்திகை அறையில் அவருடைய ஸ்டூல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். என் வரைவுகள் இரண்டையும் நான் கிழிக்கவில்லை. குறுக்கே கோடிட்டு என் கோப்பில் வைத்திருக்கிறேன். அவை யாருக்கும் பயன்படா. உங்களுக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் நியாயமே; அதை என்மேலேயே வையுங்கள். பயணத்தை ரத்து செய்யாதீர்கள். திட்டுகிற பதினொரு பேரும் முதல் வரிசைக்குச் சீட்டு வாங்கிவிட்டார்கள்.

தங்கைக்கு: அம்மா, அன்று நீ கேட்டபோது, எழுதவில்லை என்றேன். எழுதியிருந்தார்கள். தப்பாகக் கேட்டு எழுதினார்கள். சரியாகக் கேட்டதும் திருத்தினார்கள். உன் அண்ணன் திருத்த மூன்று வாரமானது. அது சின்னப் பாட்டு இல்லை. நீங்கள் இருவரும், உங்களோடு அந்த மனிதரும், மூச்சு உள்ள வரை நிதானமாக, நிறைவாக, உங்களுக்கு உரிய வேகத்தில் வாழ வேண்டும்.

இணைப்பு: திருத்திய தீர்ப்பு, ஒதுக்கிய மூன்று சீட்டுகள், இத்தாளின் ஓரத்தில் ஒட்டியுள்ள, லீவர் மேலிருந்து உரித்த செல்லோடேப் துண்டு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மச்சான்,
முன்னாள் செயலாளர், முன்னாள் டிரம்மர்
(கையொப்பம்)

சாட்சிகள்:

ரேடியோக்காரர். டேப்பை ஒட்டியதும் உரித்ததும் நான். உண்மை.

நர்ஸம்மா, செயலாளர். முழுவதும் படித்தேன். மெதுவாகக் கேட்டதுதான் எனக்கு இன்னும் பிடிக்கிறது. அதையும் பதிவு செய்யவும்.

கண்டக்டர், பணி ஓய்வு. படிச்சேன், எல்லாம் நெசம். ஆல்பம் இன்னும் புடிக்கல. கடிகாரத்துக்கு என் வணக்கம் சொல்லுங்க, அந்த ஜோக்க மட்டும் சொல்லிடாதீங்க.